வண்ணமீனின் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

மீனின் உடலில் காணப்படும் நிறங்கள் அனைத்தும் ஒரே வழியில் தோன்றுபவை அல்ல. சிலவற்றை மீனின் உடலே உருவாக்கிக்கொள்கிறது, சில ஒளியின் விளையாட்டால் மட்டுமே கண்ணுக்குப் புலப்படுகின்றன, மஞ்சளில் தொடங்கி அடர்சிவப்பு வரை செல்லும் வரிசையின் பெரும்பகுதியோ வாய் வழியாக உள்ளே சென்று தோலை வந்தடைகிறது. வண்ணமீன் கடைகளில் நிறமூட்டும் தீனி என்ற பெயரில் விற்கப்படும் பொட்டலங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அவற்றின் உறைமீது நீலமும் பச்சையும் சிவப்பும் ஒருசேர மின்னும் மீன்களின் படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் தீனியாலோ அந்த மூன்றில் சிவப்பை மட்டுமே நேரடியாகத் தொட முடியும், அதுவும் மீனின் இனமும் மரபும் இடம்கொடுக்கும் அளவுக்கே முடியும். உணவுக்கும் நிறத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்வதற்கு, மீனின் தோலுக்குள் நிறம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மீனின் செதில் பெரும்பாலும் ஒளி ஊடுருவக்கூடியது. நிறத்தைத் தாங்கியிருப்பவை தோலின் உள்ளடுக்கில் பரவியிருக்கும் நிறமிச் செல்கள். கருப்பையும் பழுப்பையும் தரும் செல்களில் மெலனின் என்னும் நிறமி இருக்கிறது. மனிதரின் தலைமுடியையும் தோலையும் கருமையாக்குவதும் இதே பொருள்தான். மஞ்சள் செல்களிலும் சிவப்புச் செல்களிலும் இரு வேறு நிறமிக் குடும்பங்கள் கலந்திருக்கின்றன: ஒன்று, உடலுக்குள்ளேயே தயாராகும் டெரிடின், மற்றொன்று, உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டு. நான்காவது வகைச் செல்களில் நிறமியே இல்லை. அவற்றினுள் குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்க, அவற்றின்மீது படும் ஒளி தகடுகளின் இடைவெளிக்கு ஏற்ப நீலமாகவோ பச்சையாகவோ வெள்ளியாகவோ திரும்பி வருகிறது. நியான் டெட்ரா என்னும் சிறுமீனின் பக்கவாட்டில் ஓடும் நீலக்கோடு இத்தகையது. அதில் நீலச்சாயம் ஒரு துளியும் கிடையாது. பகலில் நீலப்பச்சையாக ஒளிரும் அக்கோடு இரவில் மங்கி ஊதாவை நோக்கி நகர்வதற்கும், தகடுகளின் இடைவெளி மாறுவதே காரணம்.

உண்மையான நீல நிறமி மீன்களிடையே மிக அரிது. பசிபிக் பெருங்கடலின் பவளப்பாறைகளில் வாழும் மாண்டரின் மீனின் தோலில் நீல நிறமியைக் கொண்ட தனிவகைச் செல்கள் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் கண்டறிந்தனர். இத்தகைய விதிவிலக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வீட்டுத் தொட்டியில் நீந்தும் நீல ஃபைட்டரும் நீலக் கோடுடைய டெட்ராவும் படிகத் தகடுகளால் நீலமானவையே ஆதலால், எந்தத் தீனியும் அவற்றின் நீலத்துக்கு மூலப்பொருள் தருவதில்லை. நீலப்பச்சைப் பாசியான ஸ்பைருலினாவில் ஃபைக்கோசயனின் என்னும் நீலநிறப் புரதம் நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் அது மீனின் குடலில் மற்றப் புரதங்களைப் போலவே செரிக்கப்பட்டுச் சிதைந்துவிடுகிறது, தோலைச் சென்றடைவதில்லை.

எஞ்சுவது கரோட்டினாய்டு. இது ஒரே பொருளின் பெயரன்று. இயற்கையில் 700-க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். கேரட்டின் பீட்டா கரோட்டின், செண்டுமல்லியின் லூட்டின், மக்காச்சோளத்தின் சியாசாந்தின், தக்காளியின் லைக்கோபீன், மிளகாய்ப்பழத்தின் கேப்சாந்தின், இறாலின் அஸ்டாசாந்தின் ஆகியவை இதன் உறுப்பினர்கள். இவற்றுள் பெரும்பாலானவை நாற்பது கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலியை உடலாகக் கொண்டவை. அச்சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்துள்ள இரட்டைப் பிணைப்புகள் நீல ஒளியை உட்கொண்டுவிட, எஞ்சிய மஞ்சளும் சிவப்பும் கண்ணுக்கு வந்து சேர்கின்றன. இத்தகைய சங்கிலியை அடிப்படையிலிருந்து கட்டியமைக்கும் திறன் தாவரங்களுக்கும் பாசிகளுக்கும் சில பூஞ்சை, நுண்ணுயிர் வகைகளுக்குமே பெரும்பாலும் உண்டு. மீன்களுக்கு அத்திறன் இல்லை. மெலனினைத் தயாரிக்க டைரோசின் என்னும் அமினோ அமிலம் போதும், அது எந்தப் புரத உணவிலும் கிடைக்கும். டெரிடினையும் குவானினையும் உயிரணுக்களின் அன்றாட வேதிவினைகளிலிருந்தே மீன் எடுத்துக்கொள்கிறது. கரோட்டினாய்டை மட்டும் அது உண்டுதான் பெற வேண்டும்.

இயற்கையான நீர்நிலையில் இந்தப் பொருள் உணவுச் சங்கிலியின் படிகளில் ஏறி வருகிறது. வெயிலில் வளரும் நுண்பாசி பீட்டா கரோட்டினையும் அதன் உறவுப் பொருள்களையும் தயாரிக்கிறது. பாசியை மேயும் சைக்ளோப்ஸ் போன்ற நுண்ணிய ஓட்டுயிர்கள் அதை அஸ்டாசாந்தினாக மாற்றித் தம் உடலில் சேர்த்துவைக்கின்றன. அவற்றை உண்ணும் மீன் அந்தச் சிவப்பை ஆயத்த நிலையில் பெற்றுக்கொள்கிறது. வண்ணமீன் பண்ணைகளில் குஞ்சுகளுக்குக் கொடுக்கப்படும் ஆர்டீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றுயிரின் செம்மஞ்சள் நிறத்துக்குக் கான்தாசாந்தின் என்னும் கரோட்டினாய்டு காரணம். பழவேற்காட்டு ஏரிக்கும் கோடியக்கரைக்கும் வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பும் இதே வழியில் வந்ததே; சாம்பல் நிறத்தில் பிறக்கும் அவற்றின் குஞ்சுகள் உவர்நீரின் பாசிகளையும் சிற்றுயிர்களையும் உண்டு வளர்கையில்தான் சிவக்கின்றன. பச்சை இறால் சாம்பலும் நீலமுமாக இருந்து கொதித்ததும் சிவப்பது வேறொரு நுட்பத்தைக் காட்டுகிறது: உயிருள்ள இறாலில் அஸ்டாசாந்தின் ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால் அதன் சிவப்பு மறைந்திருக்கிறது, சூட்டில் அப்புரதம் உருக்குலைந்ததும் நிறமி தன் சொந்த நிறத்தில் வெளிப்படுகிறது. இந்த அஸ்டாசாந்தினைக் கடல் சிங்கறாலிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர்களுள் ஒருவர், 1938-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசுக்குரியவரான ரிச்சர்டு கூன்.

ஒரே தீனியை உண்ணும் இருவேறு இன மீன்கள் ஒரே அளவில் சிவப்பதில்லை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த தங்கமீனும் கோய் கெண்டையும் சியாசாந்தினைத் தம் உடலிலேயே அஸ்டாசாந்தினாக மாற்றவல்லவை. ஆகவே சியாசாந்தின் மிகுந்த ஸ்பைருலினா போன்ற தாவர உணவே அவற்றைச் சிவக்கச் செய்துவிடுகிறது, கோய் வளர்ப்போர் பல்லாண்டுகளாக அப்பாசியை நாடுவதற்கும் இதுவே அடிப்படை. சால்மனுக்கோ ஜப்பானியரின் விருப்பத்துக்குரிய செங்கடற்பிரீம் மீனுக்கோ இந்த மாற்றும் திறன் இல்லை. அவற்றுக்கு அஸ்டாசாந்தினை அஸ்டாசாந்தினாகவே கொடுத்தாக வேண்டும். கேரட்டை அரைத்துத் தீனியில் கலப்பவர்கள் பல மீன்களில் பயன் காணாததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது: பீட்டா கரோட்டினைப் பெரும்பாலான மீன்கள் தோலில் சேர்ப்பதைவிட வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வதற்கே பயன்படுத்துகின்றன.

எந்த இடத்தில் எவ்வளவு பரப்பில் சிவப்புச் செல்கள் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது மரபணு. அந்தச் செல்கள் எந்த அளவுக்கு நிரம்பியிருக்கின்றன என்பதையே உணவு தீர்மானிக்கிறது. கோலத்தின் கோட்டை மரபு இழுத்துவிட, அதற்குள் தூவப்படும் வண்ணப்பொடியை உணவு தருகிறது என்று சொன்னால் பெரும்பாலும் பொருந்தும். கோடு இல்லாத இடத்தில் பொடி தங்குவதில்லை என்பதற்குத் தங்கமீனே சான்று. அதன் குஞ்சுகள் ஏறத்தாழ எல்லாமே சாம்பல் கலந்த பசும்பழுப்பு நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் கருமைச் செல்களை இழந்து பொன்னிறம் பெறுகின்றன; இந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பது மரபு. பிளாக் மூர் என்னும் கருந்தங்கமீன் ஓராண்டு கழித்து வயிற்றுப்புறத்திலிருந்து செம்பு நிறமாக மாறத் தொடங்கினால், வளர்ப்பவர் தீனியின்மீது பழி போடுவது வழக்கம். நடந்திருப்பதோ, சற்றுத் தாமதமாக நிகழ்ந்த கருமைச் செல் இழப்பு மட்டுமே. எந்த உயர்ந்த தீனியாலும் அந்தக் கருப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இந்தப் பங்கீட்டை மிகத் தெளிவாகக் காட்டிய மீன் கப்பி. கொசுப்புழுவை ஒழிப்பதற்காக உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டு, தமிழ்நாட்டின் கிணறுகளிலும் வாய்க்கால்களிலும்கூடக் குடியேறிவிட்ட இந்தச் சிறுமீனின் தாயகங்களுள் ஒன்று கரீபியக் கடலின் டிரினிடாட் தீவு. அங்கிருந்து இதன் மாதிரிகளை 1866-இல் லண்டனுக்கு அனுப்பிவைத்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவரின் பெயரே மீனுக்கும் நிலைத்தது. ஆண் கப்பியின் உடலிலுள்ள செம்மஞ்சள் புள்ளிகளின் அமைப்பு பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு ஒய் குரோமோசோம் வழியாகச் செல்வதை டென்மார்க்கின் ஓய்விண்ட் விங்கே 1920-களில் காட்டினார். புள்ளியின் இடமும் பரப்பும் இவ்வாறு பரம்பரையாக வருபவை. ஆனால் அதே புள்ளி ஓர் ஓடையில் அடர்ந்தும் அடுத்த ஓடையில் வெளிறியும் இருப்பதற்கான விடை மரபில் மட்டும் கிடைக்கவில்லை.

டிரினிடாட்டின் வடக்கு மலைத்தொடரில் ஓடும் ஓடைகளுள் சில அடர்காட்டின் நிழலில் மூழ்கியிருக்கின்றன, சில மரக்கூரை திறந்த இடங்களில் வெயில் பட ஓடுகின்றன. வெயில் படும் ஓடையில் பாறைமேல் பாசி செழிப்பதால் அங்குள்ள கப்பிகளுக்குக் கரோட்டினாய்டு மிகுதியாகக் கிடைக்கிறது, நிழலோடையின் கப்பிகளுக்கு அது பற்றாக்குறை. கிரெகரி கிரெத்தர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, ஓடைக்கு ஓடை மாறும் இந்தப் பாசி வளமே ஆண் கப்பிகளின் புள்ளிகளில் சேரும் கரோட்டினாய்டின் அளவைக் கட்டுப்படுத்துகிறது என்பதைக் காட்டியது. பெண் கப்பி பொதுவாகச் செம்மஞ்சள் மிகுந்த ஆணையே நாடுவதால், புள்ளியின் அடர்த்தி ஓர் ஆண் எவ்வளவு திறமையாக உணவு தேடுகிறது என்பதற்கு வெளிப்படையான அறிக்கையாகிவிடுகிறது. தோல் ஒட்டுண்ணி தொற்றிய ஆண்களின் செம்மஞ்சள் வெளிறுவதும், பெண்கள் அவற்றைத் தவிர்ப்பதும் சோதனைகளில் பதிவாகியுள்ளன. கரோட்டினாய்டு உடலின் நோயெதிர்ப்பிலும் பங்கேற்கும் பொருள் என்பதால், நோயுற்ற மீனுக்கு அதைத் தோலில் செலவிடும் வசதி குறைந்துபோகிறது என்று இதற்கு விளக்கம் கூறுவோர் உண்டு.

கப்பியின் கதையில் இன்னுமொரு திருப்பம் இருக்கிறது. அதன் செம்மஞ்சள் புள்ளியில் கரோட்டினாய்டோடு, டிரோசோப்டெரின் என்னும் சிவந்த டெரிடினும் கலந்திருக்கிறது. பின்னதை மீன் தானே தயாரிக்கிறது. உணவில் கரோட்டினாய்டு குறைந்த ஓடைகளின் கப்பிகள் அந்தக் குறையை ஈடுகட்டத் தம் சொந்தச் சரக்கைக் கூட்டிக்கொள்ளும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். கண்டறியப்பட்டதோ அதற்கு நேர்மாறானது: கரோட்டினாய்டு மிகுதியாகக் கிடைக்கும் ஓடைகளின் மீன்களே டிரோசோப்டெரினையும் மிகுதியாகத் தயாரிக்கின்றன. இரண்டும் ஒரே விகிதத்தில் கூடினால்தான் புள்ளியின் சாயல் மஞ்சள் பக்கமோ சிவப்பு பக்கமோ சாயாமல் பெண் விரும்பும் செம்மஞ்சளிலேயே நிற்கும் என்பதை வைத்துப் பார்க்கும்போது இந்தப் புதிர் அவிழ்கிறது. உணவு ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுக்க, மரபு அதற்கேற்பத் தன் பங்கை அளந்து சேர்க்கிறது. உணவால் நிறம் வரும் என்ற எளிய கூற்று இந்த இடத்தில் போதாமற்போகிறது. தொட்டி வளர்ப்பில் கப்பிகளுக்கு நிறமூட்டும் தீனி கொடுப்பவர்கள் புள்ளியின் அடர்த்தி கூடுவதைக் காணலாமேயன்றிப் புள்ளி பெரிதாவதைக் காண முடியாது.

மிகுதியாகக் கொடுப்பதால் வரும் சிக்கலைக் கோய் வளர்ப்போர் நன்கு அறிவர். ஜப்பானின் நீகாத்தா மலைப்பகுதியில் உழவர்களால் உருவாக்கப்பட்டு 1914-ஆம் ஆண்டின் தோக்கியோ கண்காட்சிக்குப் பின் புகழ்பெற்ற இக்கெண்டைகளுள், வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் கொண்ட கோஹாகு வகைக்குத் தனி மதிப்பு உண்டு. அதில் சிவப்பு எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டுமோ அவ்வளவுக்கு வெள்ளை பால் போலத் தூயதாகவும் இருக்க வேண்டும். நிறமூட்டும் தீனியை அளவின்றிக் கொடுத்தால் சிவப்புச் செல்கள் நிரம்பிய பின்னும் இரத்தத்தில் சுற்றும் நிறமி வெள்ளைத் தோலிலும் படிந்து அதை மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ கறைப்படுத்துகிறது. இதனால் தேர்ந்த வளர்ப்பாளர்கள் அத்தீனியை வெதுவெதுப்பான மாதங்களில் மட்டும், அளவறிந்து கொடுக்கிறார்கள். டிஸ்கஸ் மீன்களின் வெள்ளை வகைகளிலும் இதே தொல்லை உண்டு. இறாலும் மிளகாய்ச் சாறும் கலந்த தீனியால் அவற்றின் வெண்மை சில வாரங்களிலேயே சிவந்துவிடுகிறது. அத்தகைய மீனைச் செந்நிற டிஸ்கஸ் என்று விற்பவர்களும் இல்லாமலில்லை. நிறமியற்ற தீனிக்கு மாற்றியதும் வாங்கியவருக்கு உண்மை தெரிந்துவிடும்.

உணவின் நிறத்தைக் கண்டு மீனின் நிறத்தைக் கணிப்பது பரவலான தவறு. டியூபிஃபெக்ஸ் புழுவும் இரத்தப்புழுவும் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருப்பதால் அவற்றைத் தின்னும் மீன் சிவக்கும் என்று பலர் கருதுகின்றனர். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். பிராணவாயு குறைந்த சேற்றில் வாழ்வதற்காக அப்புழுக்கள் வைத்திருக்கும் இரத்தப் புரதம் அது, மீனின் வயிற்றில் செரித்துப் போவது. புழுத் தீனியால் மீன் கொழுத்து வளர்கிறது என்பதும், நல்ல உடல்நிலை நிறத்தைச் சற்றுத் தூக்கிக்காட்டும் என்பதும் உண்மையே. நிறமி வகையில் அவை பெரிதாக ஒன்றும் தருவதில்லை. பீட்ரூட்டின் நிலையும் அதுதான். அதன் சிவப்பு நீரில் கரையும் பீட்டலைன் என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. மீனின் தோல் அதை ஏற்பதில்லை. மலிவான தீனி உருண்டைகள் பலவற்றின் சிவப்பும் பச்சையும் வெறும் உணவுச்சாயம்; நீரில் ஊறியதும் கரைந்து வெளியேறும் அந்த நிறம், வாங்குபவரின் கண்ணுக்காகச் சேர்க்கப்பட்டதேயன்றி மீனுக்காகச் சேர்க்கப்பட்டதன்று.

இதற்கு மாறாக, நிறமென்று கண்ணில் படாத பொருள்கள் சில மிகவும் பயனுள்ளவை. முருங்கைக்கீரை, அரைக்கீரை போன்றவற்றின் பச்சைக்குள் லூட்டின் மறைந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்த முறையில் பயிரிடப்படும் செண்டுமல்லியின் ஒரு பகுதி ஆலைக்குச் சென்று, லூட்டின் சாறாகப் பிழியப்பட்டு, முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் கூட்டக் கோழித்தீவனத்தில் சேர்கிறது. அதே இதழ்களை நிழலில் உலர்த்திப் பொடித்துத் தீனியில் கலந்தால் தங்கமீன், கோய், வாள்வால் மீன் ஆகியவற்றின் நிறம் கூடுவது பல சோதனைகளில் தெரியவந்துள்ளது. இறால் பதப்படுத்தும் நிலையங்களில் கழித்துத் தள்ளப்படும் தலையும் ஓடும் அஸ்டாசாந்தினின் சுரங்கம் எனலாம். அவற்றிலுள்ள கைட்டின் என்னும் கடினப்பொருளைச் சிறுமீன்கள் எளிதில் செரிப்பதில்லை. ஆகவே ஓட்டை அப்படியே அரைத்துச் சேர்ப்பதைவிட, எண்ணெயில் மெல்லச் சூடாக்கி நிறமியை எண்ணெய்க்கு மாற்றிச் சேர்ப்பது பயனுள்ளது.

எண்ணெய் இங்கே தற்செயலாக வரவில்லை. கரோட்டினாய்டுகள் நீரில் கரையாதவை, கொழுப்பில் மட்டுமே கரைபவை. குடலில் பித்தநீரின் துணையோடு கொழுப்புத் துளிகளில் ஏறித்தான் அவை இரத்தத்துக்குள் நுழைகின்றன. கொழுப்பு மிகக் குறைந்த தீனியில் எவ்வளவு நிறமி சேர்த்தாலும் பெரும்பகுதி கழிவோடு வெளியேறிவிடும். சால்மன் பண்ணைகளில் தீனியோடு கொடுக்கப்படும் அஸ்டாசாந்தினில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே தசையில் தங்குகிறது என்பதிலிருந்து இந்தப் பயணத்தின் இழப்பை உணரலாம். தேவைப்படும் அளவும் மிகச் சிறியதே: தங்கமீன்களில் நடத்தப்பட்டு 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு கிலோ தீனிக்கு 36 முதல் 37 மில்லிகிராம் அஸ்டாசாந்தின் போதுமானது என்று கண்டது, அதற்கு மேல் சேர்க்கும் நிறமியால் செலவு மட்டுமே கூடுகிறது. தோலின் செல்கள் நிரம்புவதற்குப் பல வாரங்கள் ஆகும் என்பதால், மூன்று நாளில் நிறம் என்று உறுதியளிக்கும் எந்தப் பொட்டலத்தையும் ஐயத்தோடு பார்ப்பதே முறை.

இனி, கடையில் பளிச்சென்றிருந்த மீன் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் வெளிறிப்போவது ஏன் என்ற பரவலான கேள்வி. நாட்டின் முதன்மையான வண்ணமீன் உற்பத்தி மையங்களுள் ஒன்றான சென்னைக் கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மீன்கள் பெரும்பாலும் திறந்தவெளிச் சிமெண்ட் தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. வெயிலால் அத்தொட்டிகளின் நீர் பச்சை பிடித்து, பாசியும் அதை மேயும் நுண்ணுயிர்களும் நாள் முழுவதும் மீனின் வாயெட்டும் தொலைவில் இருக்கின்றன. வீட்டிலோ தெளிந்த நீரும், நாளுக்கு இருமுறை விழும் உருண்டைத் தீனியும் மட்டுமே. கழுவிக் கழுவித் தூய்மையாக்கப்பட்ட கண்ணாடித் தொட்டி மனிதக் கண்ணுக்கு அழகானது. தங்கமீனைப் பொறுத்தவரை அது மேய்ச்சல் நிலம் பறிக்கப்பட்ட இடம்.

ஆயினும் வெளிறுவதற்கெல்லாம் உணவே காரணம் என்று கொள்வதும் பிழை. கருமைச் செல்லுக்குள் இருக்கும் மெலனின் துகள்கள் செல்லின் கிளைகளெங்கும் பரவினால் மீன் அடர்ந்தும், நடுவில் குவிந்தால் வெளிறியும் தோன்றும். இந்த மாற்றம் சில நிமிடங்களில் நிகழக்கூடியது. வெண்மணல் பரப்பிய தொட்டியில் மீனின் கண் அடித்தளத்தின் வெளிச்சத்தை உணர, மூளையில் சுரக்கும் ஒரு ஹார்மோன் அத்துகள்களைக் குவியச் செய்கிறது. சம் சால்மனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து 1983-இல் பிரித்தெடுக்கப்பட்ட அந்த ஹார்மோனுக்கு மெலனினைக் குவிப்பது என்ற பொருளிலேயே பெயர் சூட்டப்பட்டது. வெளிர்நிலத்திலேயே வாரக்கணக்கில் வாழும் மீனில் கருமைச் செல்களின் எண்ணிக்கையே குறைந்துபோகும். இதன் மறுதலையை ஜப்பானின் கடற்கூண்டுகளில் காணலாம்: ஆழத்தில் வாழ வேண்டிய செங்கடற்பிரீம் மேற்பரப்பின் வெயிலில் வளர்க்கப்படும்போது தோல் கருத்துச் சிவப்பு மங்குவதால், பண்ணையாளர்கள் அஸ்டாசாந்தின் தீனியோடு கூண்டின்மேல் நிழல்வலையும் விரிக்கிறார்கள். அச்சம், நீரில் தேங்கிய அம்மோனியா, நோய், இரவின் இருள் ஆகியவையும் மீனை வெளிறச் செய்பவை. இவற்றை வைத்துப் பார்த்தால், வீட்டுத் தொட்டியின் மீன் மங்கும்போது விலையுயர்ந்த தீனியை வாங்குவதற்கு முன் நீரை மாற்றி, தரையில் கருமணல் பரப்பி, ஒளிந்துகொள்ளச் சில செடிகளை வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. பெரும்பாலான தொட்டிகளில் குறை அங்கேதான் இருக்கிறது.

தீனியிலேயே குறை இருந்தாலும் அது பல நேரங்களில் சேர்மானத்தின் குறையன்று, பழமையின் குறை. ஒளியைப் பிடித்து நிறம் தரும் அதே இரட்டைப் பிணைப்புகள் காற்றின் பிராணவாயுவோடு எளிதில் வினைபுரிந்து சிதைகின்றன. வெளிச்சமும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. தொட்டியின் விளக்குக்கு அருகே திறந்த டப்பாவில் ஆறு மாதம் இருந்த தீனியில், அச்சிட்ட அளவில் பாதியாவது எஞ்சியிருக்கும் என்று நம்ப இடமில்லை. சிறு பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாமல் மூடி, இருளான குளிர்ந்த இடத்தில் வைப்பது எந்த நிறமூட்டியையும் விடப் பலன் தரும்.

வணிகத்தில் வேறு இரு குறுக்குவழிகளும் உண்டு. ஒன்று, தீனியிலோ நீரிலோ ஆண் ஹார்மோனைக் கலப்பது. இதனால் இயல்பாக மங்கிய நிறமுடைய பெண் மீன்களும், இன்னும் நிறம் பெறும் பருவத்தை எட்டாத குஞ்சுகளும்கூட முதிர்ந்த ஆணின் நிறத்தைக் காட்டுகின்றன. ஹார்மோன் நின்றதும் அந்நிறம் வடிந்துவிடும், இனப்பெருக்கத் திறன் கெட்டுப்போவதும் உண்டு. மற்றொன்று, இந்திய நன்னீர்களில் இயல்பாக வாழும் கண்ணாடி மீனுக்கு நேர்ந்த கொடுமை: உள்ளெலும்பு தெரியுமளவுக்கு ஒளி ஊடுருவும் அதன் உடலில் ஊசியால் ஒளிர்சாயம் ஏற்றி, இயற்கை நிறமென்று பல நாடுகளில் விற்றனர். அந்தச் சாயத்தை எந்தச் செல்லும் தாங்கியிருப்பதில்லை, எந்த உணவும் புதுப்பிப்பதில்லை. எனவே பிழைத்த மீன்களில் அது சில மாதங்களில் மங்கிவிடும், ஊசிப் புண்ணால் வரும் தொற்று பல மீன்களை அதற்கு முன்பே கொன்றுவிடும். ஒரே தொட்டியில் ஆணும் பெண்ணும் விரல்நகம் அளவுள்ள குஞ்சும் ஒரே அளவில் பளிச்சிட்டால் ஹார்மோனையும், ஒளி ஊடுருவும் உடலின் நடுவே நிறம் கோடுகோடாகத் தேங்கி நின்றால் ஊசியையும் வாங்குபவர் ஐயுற வேண்டும். தீனியால் வந்த நிறமோ மீனுக்கு மீன் சற்றே வேறுபட்டுத்தான் இருக்கும்.